உயிரியலா, வணிகச் சட்டமா: எதை எடுக்கலாம்?

இரண்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆனாலும் பல்கலைக்கழகத்தில் விருப்பப் பாடம் தேர்ந்தெடுக்கும்போது, உயிரியல் அறிமுகமும் வணிகச் சட்ட அறிமுகமும் ஒரே பட்டியலில் அடுத்தடுத்து வந்து நிற்கும். யாரையாவது கேட்டால், “ரெண்டுமே மனப்பாடம்தான், எது சுலபமோ அதை எடு” என்பார்கள். முதல் சில வாரங்களுக்கு அது சரிதான். சர்க்கரை உடையும் கிளைக்கோலிசிஸின் பத்துப் படிகளையும், அடுத்து வரும் கிரெப்ஸ் சுழற்சியையும் உரு போடத்தான் வேண்டும். அந்தப் பக்கம் முன்மொழிவு, ஏற்பு, மறுபயன் (பதிலுக்குத் தருவது) என்று ஒப்பந்தத்தின் உறுப்புகளை ஒப்பிக்க வேண்டும். அதற்கப்புறம்தான் பாதை பிரிகிறது.

உயிரியலில் ஒரு கேள்விக்கு விடை சொல்வது சோதனை. டிஎன்ஏ எப்படி நகலாகிறது என்று மெசல்சன், ஸ்டால் என்ற இரு விஞ்ஞானிகள் சோதித்து 1958இல் வெளியிட்டதைப் பாருங்கள். பாக்டீரியாக்களைப் பல தலைமுறைகளுக்குக் கனமான நைட்ரஜன்-15இல் வளர்த்தார்கள். பிறகு சாதாரண நைட்ரஜன்-14க்கு மாற்றி, அவற்றின் டிஎன்ஏவை மையவிலக்கியில் சுழற்றி, கனத்தைப் பொறுத்துப் பட்டைகளாகப் பிரித்தார்கள். ஒரு தலைமுறைக்குப் பிறகு கனத்துக்கும் லேசுக்கும் நடுவே ஒரே ஒரு பட்டை. இரண்டாம் தலைமுறையில் நடுப்பட்டையோடு லேசான பட்டையும் சேர்ந்துகொண்டது. டிஎன்ஏ நகலாகும்போது பழைய இழை ஒன்று, புது இழை ஒன்று என்று இணைகிறது என்பது தெளிவாயிற்று. மூன்றாம் தலைமுறையில் எந்தப் பட்டை எவ்வளவு இருக்கும் என்று தேர்வில் கேட்டால் ஒரே விடைதான்: கால் பங்கு நடுப்பட்டை, முக்கால் பங்கு லேசானது. அழகாக வாதாடினாலும் மதிப்பெண் கிடைக்காது.

வணிகச் சட்டத்தில் மதிப்பெண்ணே வாதத்துக்குத்தான். இங்கிலாந்தின் கார்லில் வழக்கு பல நாட்டு வகுப்புகளில் இன்னும் பேசப்படுகிறது. மூக்கில் புகையை இழுக்கும் மருந்துச் சாதனமான கார்பாலிக் புகை உருண்டையைச் சொன்னபடி பயன்படுத்தியும் இன்ஃப்ளுயன்சா வந்தால் 100 பவுண்டு தருவதாக ஒரு கம்பெனி விளம்பரம் செய்தது. திருமதி கார்லில் தினமும் மூன்று வேளை பயன்படுத்தினார், காய்ச்சலும் வந்தது. பணம் கேட்டபோது, “அது வெறும் விளம்பரப் பேச்சு” என்றது கம்பெனி. ஆனால் அதே விளம்பரத்தில், தங்கள் உண்மைத்தன்மையைக் காட்ட 1,000 பவுண்டை வங்கியில் போட்டிருப்பதாக எழுதியிருந்தார்கள். அந்த வரியே அவர்களுக்கு வினையாக முடிந்தது. 1892இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் கார்லில் பக்கமே தீர்ப்பளித்தது.

இந்தக் கதையை அப்படியே எழுதினால் தேர்வில் பாஸ் மட்டும் ஆகலாம். கேள்வியில் ஒரு விவரத்தை மாற்றியிருப்பார்கள். அந்த 1,000 பவுண்டு வரி இல்லாவிட்டால்? அவர் விளம்பரத்தையே பார்க்காமல் வாங்கியிருந்தால்? இரு தரப்பு வாதத்தையும் எழுதி, எது வலுவானது, ஏன் என்று காட்ட வேண்டும். நேர்விடைக்குப் பழகிய அறிவியல் மாணவர்கள் பெரும்பாலும் இங்கேதான் தடுமாறுவார்கள்.

நேரக் கணக்கு வேறு. உயிரியல் நேரத்தை லேபில் தின்னும். டிஎன்ஏவை மின்சாரத்தால் ஓடவிட்டுப் பிரிக்கும் ஜெல் எலக்ட்ரோபோரெசிஸ் பயிற்சி என்றால் ஜெல்லாக உறையும் அகரோஸைக் காய்ச்சி ஊற்றி, உறையக் காத்திருந்து, குழிகளில் சில மைக்ரோலிட்டர் மாதிரியைக் கை நடுங்காமல் விட வேண்டும். டிஎன்ஏ எதிர்மின்னூட்டம் கொண்டது, நேர்மின்முனையை நோக்கி ஓடும். ஒயரை மாற்றிக் கொடுத்துவிட்டால் ஜெல்லின் பின்பக்கமாகவே வெளியேறிவிடும். அந்த மதியம் வீண். சட்டப் பாடத்தில் இந்த அவஸ்தை இல்லை. ஆனால் பழைய தீர்ப்புகளின் நீண்ட வாக்கியங்களை அள்ளி அள்ளிப் படிக்க வேண்டும். படிக்காமல் வகுப்புக்குப் போனால் முழித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருக்க வேண்டும்.

வேலைவாய்ப்பைப் பற்றி அதிகம் அலட்டிக்கொள்ள வேண்டாம். ஒரு அறிமுகப் பாடம் யாரையும் வக்கீலாகவோ ஆராய்ச்சியாளராகவோ ஆக்காது. அன்றாடப் பயன் என்று பார்த்தால் என் ஓட்டு வணிகச் சட்டத்துக்கே. நாளைக்கு எல்லோரும் ஏதோ ஒரு வேலை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடத்தான் போகிறார்கள். சான்று என்றால் என்ன என்று பழக வேண்டுமானால் உயிரியல்தான்.

ஒட்டும் உறவும் இல்லை என்றேன் அல்லவா, காப்புரிமை என்று வந்தால் அது பொய்யாகிவிடும். கச்சா எண்ணெயைச் சிதைக்கும்படி சக்ரவர்த்தி என்ற விஞ்ஞானி உருவாக்கிய பாக்டீரியாவுக்குக் காப்புரிமை தரலாம் என்று 1980இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5-4 என்ற கணக்கில் சொன்னது. 2013இல் மிரியட் என்ற கம்பெனியின் வழக்கில், இயற்கையில் உள்ள மரபணுவைப் பிரித்தெடுத்ததற்காக மட்டும் காப்புரிமை கிடையாது, ஆய்வகத்தில் உருவாக்கும் சிடிஎன்ஏவுக்கு உண்டு என்றது. சிடிஎன்ஏ ஆர்என்ஏவைப் பார்த்து எழுதப்படுவது, இயற்கை மரபணுவின் நடுவே வரும், புரதத்துக்கான குறிப்பில்லாத இன்ட்ரான் துண்டுகள் அதில் இருக்காது. இது தெரியாதவருக்கு அந்தத் தீர்ப்பு பிடிபடாது.

இரண்டையும் எடுக்க வாய்ப்பிருந்தால் உயிரியலை முதலில் முடித்துவிடுங்கள். அதற்கு மேலுள்ள பாடங்கள் எல்லாம் அதை அடித்தளமாகக் கேட்கும். வணிகச் சட்ட அறிமுகத்துக்கு முன்பாடம் பெரும்பாலும் தேவைப்படாது, கடைசி ஆண்டில்கூட எடுக்கலாம்.