எக்ஸ்கவர்7ஆ, எக்ஸ்ஆர்20ஆ? காட்டு வேலைக்கு நான் வாங்கிய போன்

நிலம் அளக்கிற எங்களுக்குப் போன்தான் பாதிக் கருவி. ரோவரை, அதாவது செயற்கைக்கோள் சிக்னலை வைத்து இடத்தைக் கணிக்கிற கருவியை, கம்பத்தில் மாட்டி எல்லைக்கல் மேல் நிறுத்தினால், அது எடுக்கும் புள்ளி பதிவாவது போனில். அந்தக் கணிப்பில் வருகிற பிழையைத் திருத்த ரோவருக்கு வேண்டிய தகவலை, சர்வே ஆஃப் இந்தியா ஒரே இடத்தில் நிரந்தரமாக நிறுவியிருக்கிற கோர்ஸ் நிலையங்களிலிருந்து இணையம் வழியாக வாங்கித் தருவதும் அதே போன்தான். காலை ஏழு மணிக்கு எரிய ஆரம்பிக்கிற திரை, சாயங்காலம் வண்டியில் ஏறும்வரை அணையாது. நடுவில் ப்ளூடூத், ஜிபிஎஸ், டேட்டா மூன்றும் ஓடிக்கொண்டே இருக்கும். அப்புறம் நில உரிமையாளர் கூப்பிடுவார், பக்கத்துக் காட்டுக்காரர் கூப்பிடுவார்.

இதற்கு முன் வைத்திருந்தது சாதாரண போன். கெட்டியான கவர் போட்டுச் சமாளித்தேன். இரண்டாவது கோடையில் அதன் பின்பக்கம் ஓரத்தில் லேசாகத் தூக்கிக்கொண்டது; நகம் நுழையும் அளவு இடைவெளி. பேட்டரி உப்பியிருந்தது. கடையில் கொடுத்து மாற்றினேன், பசை வைத்து ஒட்டியும் கொடுத்தார்கள். ஐப்பசியில் எட்டயபுரம் பக்கம் ஒரு புஞ்சையை அளக்கும்போது சாரல் பிடித்தது. பெரிய மழைகூட இல்லை. வீட்டுக்கு வந்து பார்த்தால் கேமரா கண்ணாடிக்கு உள்ளே முத்து முத்தாக நீர் கோத்திருந்தது. அன்றைக்கு எடுத்த படங்களில் கல்லில் வெட்டியிருந்த எண் ஒன்றுகூடத் தெரியவில்லை. மறுநாள் முப்பது கிலோமீட்டர் போய் எல்லாவற்றையும் திரும்ப எடுத்தேன்.

அதன் பிறகுதான் முரட்டு உழைப்புக்கென்றே செய்த போன்களைத் தேட ஆரம்பித்தேன். கடைசியில் இரண்டு போன்கள் மிஞ்சின. ஒன்று சாம்சங் கேலக்ஸி எக்ஸ்கவர்7. இன்னொன்று நோக்கியா எக்ஸ்ஆர்20. இரண்டாவதை என் கூட வேலை பார்க்கும் அண்ணன் வைத்திருக்கிறார். அதையும் பல நாள் கையில் வைத்து அளந்திருக்கிறேன். வாங்கியது எக்ஸ்கவர்7ஐ. என் சாய்வு அந்தப் பக்கம்தான் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பொதுவான விஷயங்களைச் சீக்கிரம் முடித்துவிடலாம். இரண்டும் 5ஜி, இரண்டிலும் 6 ஜிபி ரேம், 128 ஜிபி இடம், மெமரி கார்டு வசதி, இயர்போன் துளை உண்டு. திரை ஒன்றில் 6.6 அங்குலம், மற்றதில் 6.67. எடை 240 கிராமும் 248 கிராமும். சட்டைப் பையில் போட்டால் இரண்டும் சட்டையை ஒரு பக்கம் இழுக்கும். நடு வெயிலில் இரண்டு திரையையும் உள்ளங்கையால் நிழல் கட்டித்தான் பார்க்கிறேன். எக்ஸ்ஆர்20 2021 அக்டோபரில் நம் நாட்டுக்கு வந்தபோது விலை 46,999 ரூபாய். எக்ஸ்கவர்7 2024 பிப்ரவரியில் வந்தது, 27,208 ரூபாய். நிறுவனங்களுக்கான பதிப்பு 27,530 ரூபாய். அந்த 322 ரூபாய் வித்தியாசத்துக்கு வாரண்டி ஒரு வருடத்திலிருந்து இரண்டாகிறது; கிடைத்தால் அதையே வாங்குங்கள்.

உறுதியைப் பொறுத்தவரை இரண்டின் பெட்டியிலும் ஐபி68, மில்-எஸ்டிடி-810ஹெச் என்று இருக்கும். ஐபி68இல் 6 என்பது தூசு புகாது என்பதற்கு, 8 என்பது தண்ணீரில் மூழ்கினாலும் தாங்கும் என்பதற்கு. எவ்வளவு ஆழம், எவ்வளவு நேரம் என்பதைச் செய்கிறவர்களே சொல்ல வேண்டும். எக்ஸ்கவர்7க்கு ஒன்றரை மீட்டரில் அரை மணி நேரம். எக்ஸ்ஆர்20க்கு அதே ஆழத்தில் ஒரு மணி நேரம். இது நல்ல தண்ணீர்க் கணக்கு. உப்பளத்திலோ கடலிலோ வேலை என்றால் இந்த எண்ணை நம்பி இறங்கக் கூடாது.

810ஹெச் என்பது அமெரிக்க ராணுவத்தின் சோதனை முறைகளின் தொகுப்பு. அதில் எந்தெந்தச் சோதனையைச் செய்வது என்பதைத் தயாரிப்பாளரே தேர்ந்தெடுக்கலாம். ராணுவம் போனைப் பார்த்து முத்திரை குத்திக் கொடுப்பதில்லை. கீழே போடும் சோதனையில் 26 முறை போட வேண்டும். ஆனால் அந்த 26ஐயும் ஐந்து போன்கள் வரை பங்கிட்டுக்கொள்ளலாம். அதனால் அந்தப் பெயரை மட்டும் வைத்து ஒன்று மற்றதைவிட உசத்தி என்று சொல்ல முடியாது. விழும் உயரமாக எக்ஸ்ஆர்20க்கு 1.8 மீட்டர் சொல்கிறார்கள், எக்ஸ்கவர்7க்கு 1.5. அண்ணனுடையது வாய்க்கால் கரைக் கல்லில் விழுந்ததை நேரில் பார்த்திருக்கிறேன். மூலையில் ஒரு சிராய்ப்பு, அவ்வளவுதான். உடம்பு உறுதியில் எக்ஸ்ஆர்20 ஒரு படி மேலே என்றே சொல்வேன்.

முடிவு செய்தது வேறொன்று. அண்ணனே அதை ஒரு நாள் டீக்கடையில் சொன்னார். "தம்பி, இது விழுந்து சாகாது. பேட்டரி ஓய்ஞ்சா என்ன பண்றதுங்கறதுதான் எனக்கு யோசனை."

எக்ஸ்ஆர்20இல் 4,630 எம்ஏஹெச் பேட்டரி, உள்ளே வைத்துப் பூட்டியது. எக்ஸ்கவர்7இல் 4,050தான். காகிதத்தில் பார்த்தால் எக்ஸ்ஆர்20 ஜெயிக்கிறது. ஆனால் எக்ஸ்கவர்7இன் பின் மூடியை நகத்தால் நெம்பித் திறக்கலாம். பேட்டரியை எடுத்து இன்னொன்றைப் போடலாம். ஸ்க்ரூ டிரைவர் வேண்டாம், பசை வேண்டாம், கடை வேண்டாம். இரண்டு பேட்டரி வைத்துக்கொண்டால் 8,100 ஆகிறது. மாற்றும்போது போன் அணைந்து திரும்ப எழும்ப வேண்டும், அதற்கு ஒன்றிரண்டு நிமிடம் போகும். ஒரு புள்ளியை எடுத்து முடித்து, கம்பத்தைத் தூக்கி அடுத்த கல்லுக்கு நடப்பதற்குள் மாற்றிவிடுகிறேன்.

பவர் பேங்க் இருக்கிறதே என்று கேட்பீர்கள். மூன்று வருடம் பவர் பேங்கோடுதான் அலைந்தேன். வெயிலில் திரையும் ஜிபிஎஸ்ஸும் ஓடிக்கொண்டிருக்கிற போனில் கூடவே சார்ஜும் ஏறினால், சூடு மூன்று பக்கமிருந்து வருகிறது. லித்தியம் பேட்டரியைச் சீக்கிரம் கிழடாக்குவது சூடுதான். அதிலும் சூட்டில் சார்ஜ் ஏற்றுவது. என் பழைய போன் உப்பியதற்கும் இந்தப் பழக்கம்தான் காரணம் என்று நினைக்கிறேன். போதாததற்கு வயர் சோளத்தட்டையில் மாட்டும், இழுத்துச் சார்ஜ் துளையை ஆட்டும், துளையில் கரிசல் தூள் போய் அடையும். கழற்றுகிற பேட்டரியில் இது எதுவும் இல்லை. ராத்திரி ஃபேனுக்கு அடியில் ஒன்றைப் போனுக்குள் போட்டு ஏற்றுகிறேன். காலையில் எழுந்ததும் அதை எடுத்துவிட்டு மற்றதைப் போடுகிறேன். 15 வாட் சார்ஜ்தான், இரண்டு மணி நேரம் போல ஆகிறது. குளித்துச் சாப்பிட்டுக் கிளம்புவதற்குள் முடிந்துவிடும்.

இதைவிடப் பெரிய விஷயம், மூன்றாவது வருடத்தில் என்ன ஆகும் என்பது. எல்லாப் பேட்டரியும் தேயும். நம்மைப் போல தினமும் முழுசாக ஏற்றி முழுசாக இறக்குகிறவர்களுக்கு அது இன்னும் சீக்கிரம் நடக்கும். பூட்டிய போனில் அன்றைக்குச் சூடு காட்டி, பசையை இளக்கி, பின்பக்கத்தைப் பிரிக்க வேண்டும். தண்ணீர் உள்ளே போகாமல் காப்பது அந்தப் பசையும் அதன் ஓரத்தில் இருக்கிற அடைப்பும்தான். பிரித்தவர் புது அடைப்பு வைத்து, அழுத்திப் பிடித்துச் சோதித்துக் கொடுத்தால் சரி. தெருமுனைக் கடையில் அந்த அளவுக்கு யார் செய்வார்கள்? பேட்டரி மாற்றிய நாளோடு ஐபி68 முடிந்தது என்று வைத்துக்கொள்வதுதான் பத்திரம். 46,999 கொடுத்ததே அந்த உறுதிக்காகத்தான். உறுதியைக் காப்பாற்றிக்கொண்டு பேட்டரியை மாற்ற முடியாத போன், என் வேலைக்கு இரண்டு மூன்று வருடத்துப் பொருள். எக்ஸ்கவர்7இல் புதுப் பேட்டரி போட்டாலும் அதே மூடி, அதே ரப்பர், அதே பாதுகாப்பு.

அந்த ரப்பரைக் கவனிக்கிற பொறுப்பு மட்டும் நம்முடையது. மூடியின் உள்பக்கத்தில் சுற்றிலும் மெல்லியதாக ஓடுகிறது. கரிசல் மண் காய்ந்தால் மாவு, நனைந்தால் களி. அந்த ரப்பர் மேல் ஒரு மணல் பருக்கை உட்கார்ந்தாலும் அந்த இடத்தில் தண்ணீருக்கு வழி உண்டு. அதனால் நான் திறப்பதற்கு முன் போனை முழுவதும் துடைப்பேன். திறந்ததும் ரப்பரை விரல் நுனியால் ஒரு சுற்றுத் தடவிப் பார்ப்பேன். மூடும்போது கட்டை விரலால் ஓரம் முழுக்க அழுத்திக்கொண்டே போவேன். ஒவ்வொரு இடத்திலும் 'டக்'கென்று பிடிக்கும். காற்று வீசும்போது திறப்பதே இல்லை, வண்டிக்குள் போய்த்தான். இப்படிப் பார்த்துக்கொண்டதில் ஒரு மழைக்காலம் முழுசாகக் கடந்துவிட்டது. என் அனுபவம் அவ்வளவுதான். ஐந்து வருடம் திறந்து மூடிய பிறகும் அந்த ரப்பர் இதே போலப் பிடிக்கும் என்று இப்போதே உறுதி சொல்ல மாட்டேன்.

உதிரி பேட்டரியைப் போன் வாங்குகிறபோதே சேர்த்துக் கேளுங்கள். பெட்டிக்கடையில் கிடைக்கிற பொருள் இல்லை இது, போலிக்கும் பஞ்சமில்லை. அளவு சரியாக இருக்கிறதே என்று கண்டதைப் போட்டால் உப்புவது மட்டுமல்ல, மூடியும் சரியாக உட்காராது. சாவி, ஆணி, சில்லறையோடு பையில் போடவே கூடாது. முனைகளில் உலோகம் உரசினால் தீப்பிடிக்கலாம். நான் ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பாவில் வைத்திருக்கிறேன்.

எக்ஸ்கவர்7இன் குறைகளையும் சொல்ல வேண்டும். கைரேகை சென்சார் கிடையாது. மண்கையோடு நாள் முழுக்கப் பின் நம்பரைத் தட்ட வேண்டியிருக்கிறது. எக்ஸ்ஆர்20இல் பவர் பட்டனிலேயே கைரேகை இருக்கிறது. துடைத்த விரலை வைத்தால் போதும். பின்னால் ஒரே கேமராதான், 50 மெகாபிக்சல். கல் எண்ணுக்கும் வரைபடத்துக்கும் தாராளம். ஆனால் முழுக் காட்டையும் ஒரே படத்தில் அடக்க எக்ஸ்ஆர்20இன் அகலக் கேமரா வசதி. வயரில்லாமல் சார்ஜ் ஏற்றுவதும் அதில்தான் உண்டு. முன் கேமரா இதில் 5 மெகாபிக்சல். வீட்டில் வீடியோ காலுக்கு என் மனைவி அவருடைய போனைத்தான் எடுக்கிறார்.

இடது பக்கத்தில் ஒரு தனிப் பட்டன் இருக்கிறது. அதை அழுத்தினால் டார்ச் எரிகிற மாதிரி வைத்திருக்கிறேன். சாயங்காலம் முள்ளுக்குள் கல்லைத் தேடும்போது உறை போட்ட கையால் அழுத்த முடிகிறது. எக்ஸ்ஆர்20இலும் இந்த மாதிரி பட்டன் உச்சியில் உண்டு.

இன்றைக்கு யாராவது எக்ஸ்ஆர்20ஐக் குறைந்த விலைக்குக் கொடுக்கிறேன் என்றால்? டிராக்டர் ஓட்டுகிறவர், பைக்கில் சரக்கு போடுகிறவர், போனை அவ்வப்போது மட்டும் எடுக்கிறவர் என்றால் தாராளமாக வாங்கலாம். கல்லில் விழுந்தாலும் தாங்கும். பேட்டரி ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் நிற்கிறது என்று மட்டும் ஒரு முழு நாள் வைத்துப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள். அதற்கு அறிவித்தது மூன்று வருட ஆண்ட்ராய்டு மேம்பாடும் நான்கு வருடப் பாதுகாப்பு அப்டேட்டும். 2021இல் வந்த போன் என்பதால் அந்தக் காலம் முடிந்துவிட்டது. வங்கிச் செயலிகளை அதில் வைத்துக்கொள்வதைத் தவிர்க்கச் சொல்வேன். எக்ஸ்கவர்7 ஆண்ட்ராய்டு 14உடன் வந்தது, அந்தக் கவலை இப்போதைக்கு இல்லை.

அண்ணன் இன்னும் எக்ஸ்ஆர்20தான் வைத்திருக்கிறார். போன வாரம் விளாத்திகுளம் பக்கம் இரண்டு பேரும் ஒரே காட்டில் இருந்தோம். மதியம் நான் வண்டிக்குள் உட்கார்ந்து மூடியைத் திறந்து பேட்டரி மாற்றுவதைப் பார்த்துக்கொண்டே நின்றார். "அந்த உதிரியை எங்க தம்பி கேட்டு வாங்கின?" என்றார். கடை விவரத்தை எழுதிக் கொடுத்திருக்கிறேன்.