இலவச ஆண்டிவைரஸ்: நிறைய நன்றியும் கொஞ்சம் கோபமும்

தமிழ்ப்பள்ளி டீச்சர் ஒருவர் போன வாரம் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினார். மடிக்கணினித் திரை முழுக்கச் சிவப்புக் கட்டம், நடுவில் பெரிய ஆச்சரியக்குறி, உங்கள் பாதுகாப்பு முடிந்துவிட்டது என்று ஆங்கிலத்தில் ஒரு மிரட்டல். கீழே வருடச் சந்தா, நூறு வெள்ளிக்கு (ரிங்கிட்டுக்கு) மேல். “அண்ணே, இத கட்டணுமா? கட்டலன்னா கம்ப்யூட்டர் போயிடுமா?” என்று கேட்டிருந்தார். கட்ட வேண்டாம், ஒன்றும் போகாது என்று பதில் போட்டேன். ஏன் என்று கேட்டு அடுத்த செய்தி வந்தது. அதற்கு வாட்ஸ்அப்பில் தட்டிக்கொண்டிருக்க முடியாது என்பதால் இங்கே எழுதுகிறேன்.

எனக்கு ஊர், மலேசியாவின் பேராக் மாநிலத்தில் இருக்கும் ஊத்தான் மெலிந்தாங். ஊரைச் சுற்றிலும் செம்பனை (எண்ணெய்ப் பனை). நானும் செம்பனை ஆலையில் எடைமேடைக் கிராணிதான். லாரி ஏறும், எடை வரும், சீட்டைக் கிழித்துக் கொடுப்பேன். கணினிப் படிப்பெல்லாம் கிடையாது. ஆனால் எங்கள் தாமானில், அதாவது குடியிருப்புப் பகுதியில், யார் வீட்டுக் கணினி படுத்தாலும் சாயங்காலம் அது என் வீட்டு மேசைக்கு வந்துவிடும். விண்டோஸ் எக்ஸ்பி காலத்திலிருந்து இதே கதைதான். நான் சொல்வதெல்லாம் வீட்டுக் கணினிகளைப் பற்றி. கடை வைத்திருப்பவர்கள் உரிமத்தை ஒரு தடவை படித்துவிடுங்கள். இலவசப் பதிப்புகளில் பல, வீட்டு உபயோகத்துக்கு மட்டும் என்றுதான் எழுதியிருக்கும்.

எங்கள் ஊரில் வைரஸ் இணையம் வழியாக வந்ததைவிடத் தம்ப்டிரைவ் வழியாக வந்ததுதான் அதிகம். அப்போது வீட்டில் இணையம் இருந்தவர்களே குறைவு. பிள்ளைகள் ஃபோலியோவை (பள்ளிக்குக் கொடுக்கும் செயல்திட்டத் தொகுப்பை) அச்செடுக்க ஃபோட்டோஸ்டாட் கடைக்குப் போவார்கள். அங்கே ஒரே கணினி, ஊரிலுள்ள தம்ப்டிரைவ் எல்லாம் அதில்தான் செருகப்படும். பள்ளித் தவணை முடியும் நேரத்தில் என் மேசையில் கூட்டம் ஏறுவதற்கு வேறு காரணம் வேண்டாம்.

எக்ஸ்பியில் செருகினாலே போதும், ஆட்டோரன் கோப்பு வைரஸைத் தானாக எழுப்பிவிடும். 2009 இல் வந்த விண்டோஸ் 7, தம்ப்டிரைவுக்கு அந்த வசதியை நிறுத்தியது. எக்ஸ்பிக்கும் விஸ்தாவுக்கும் 2011 பிப்ரவரியில்தான் அப்டேட் வழியாக அது போய்ச் சேர்ந்தது. அப்பாடா என்று உட்கார்ந்தால் அடுத்து ஷார்ட்கட் (வேறொரு கோப்பைத் திறக்கும் குறுக்குவழி) வைரஸ் வந்தது. இதை எழுதியவன் மனித சுபாவம் தெரிந்தவன். தம்ப்டிரைவைத் திறந்தால் ‘ஆண்டு 6 கணிதம்’ என்ற கோப்புறை எப்போதும்போல இருக்கும். கிட்டப் போய்ப் பார்த்தால் படத்தின் இடது மூலையில் குட்டியாக ஒரு வளைந்த அம்பு. அளவைப் பார்த்தால் ஒன்றிரண்டு கிலோபைட். அசல் கோப்புறையை மறைத்துவிட்டு அதே பெயரில் ஒரு ஷார்ட்கட்டை உட்கார வைத்திருப்பான். அதை அமுக்கினால் முதலில் வைரஸ் ஓடும், உடனே மறைத்து வைத்த அசல் கோப்புறையும் திறக்கும். கேள்வித்தாள் எல்லாம் உள்ளே அப்படியே இருக்கும். டீச்சருக்கு எப்படிச் சந்தேகம் வரும்? அவர் வேலையை முடித்துவிட்டு, அதே தம்ப்டிரைவைப் பக்கத்து வகுப்பு டீச்சரிடம் கொடுத்துவிட்டுப் போவார்.

விண்டோஸின் கறுப்புக் கட்டளைத் திரையில் ‘அட்ரிப்’ என்று அடித்தால் மறைந்தவை வெளியே வரும். பக்கத்தில் இருந்து பார்ப்பவர்கள் என்னை ஏதோ மந்திரவாதி என்று நினைத்துக்கொண்டார்கள். நானும் மறுக்கவில்லை. ஆனால் எத்தனை பேருக்கு அதையே அடித்துக்கொண்டிருப்பது? அப்போது கைகொடுத்தது ஸ்மாடாவ். இந்தோனேசியாவிலிருந்து வந்த சின்ன மென்பொருள், தம்ப்டிரைவ் வைரஸுக்கென்றே செய்தது. வேறு ஆண்டிவைரஸ் இருந்தாலும் சண்டை போடாமல் கூடவே ஓடும். மறைக்கப்பட்ட கோப்புகளை ஒரே அமுக்கில் வெளியே கொண்டுவரும். இன்னொரு வசதி, அது பேசுவது இந்தோனேசிய மொழி. மலாய் தெரிந்த யாரும் படித்துப் புரிந்துகொள்ளலாம். ஆங்கிலப் பெட்டி எது வந்தாலும் கண்ணை மூடிக்கொண்டு ‘ஓகே’ அமுக்குகிற எங்கள் ஊர் ஆட்கள் முதன்முதலாக நின்று படித்தது ஸ்மாடாவின் பெட்டியைத்தான்.

இருந்தாலும் இத்தனை வருஷத்தில் எனக்குப் பிடித்தது அவாஸ்ட்தான். பிடித்ததற்குக் காரணம் அதன் திறமைகூட இல்லை, குரல்! வைரஸ் பட்டியல் புதுப்பிக்கப்பட்டதும் ஓர் ஆள் ஆங்கிலத்தில் நிதானமாக அறிவிப்பார். பழைய நான்காம் பதிப்பில் வைரஸ் சிக்கினால் சங்கு வேறு ஊதும், அப்புறம் எச்சரிக்கை. ஒரு வீட்டில் புதிதாகப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்த மறுநாள் அந்த வீட்டுப் பாட்டி என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். “ராத்திரி அது தானா பேசுது தம்பி. வெள்ளக்காரன் யாராச்சும் உள்ள பூந்துட்டானா?” என்று கேட்டார். காவலுக்கு இருக்கிறவர் பாட்டி, வேலைக்கு வந்துவிட்டேன் என்று சொல்கிறார் என்றேன். அதற்குப் பிறகு குரல் வராத நாளில் பேரனை அனுப்பி விசாரிக்க ஆரம்பித்துவிட்டார். குரல் வரவில்லையென்றால் பெரும்பாலும் இணையம் அறுந்திருக்கும், அதனால் பட்டியல் புதுப்பிக்கவில்லை. அந்த வீட்டில் இணையம் போனதை முதலில் கண்டுபிடிப்பவர், எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிதான்.

அவாஸ்ட்டின் கதையும் எனக்குப் பிடிக்கும். 1988, இன்னும் கம்யூனிஸ்ட் ஆட்சியில் இருந்த செக்கோஸ்லோவாக்கியா. பிராக் நகரத்தில் பாவெல் பௌடிஷ் என்ற ஆராய்ச்சியாளர் கையில் வியன்னா என்ற வைரஸ் சிக்குகிறது. அதை முறிக்க ஒரு நிரல் எழுதுகிறார். எட்வர்ட் குச்செரா என்ற சகாவோடு சேர்ந்து அதையே தொழிலாக்குகிறார். 2001 இல் வீட்டு உபயோகத்துக்கு இலவசம் என்று திறந்துவிட்டார்கள். ஒரு காசு வாங்கவில்லை, வருஷத்துக்கு ஒரு முறை மின்னஞ்சல் கொடுத்துப் பதிந்துகொண்டால் போதும். அந்தப் பதிவைப் புதுப்பிக்கும் வேலை தாமான் முழுக்க என் தலையில் விழுந்தது என்பது வேறு விஷயம்.

இலவச மென்பொருளுக்கு எங்கள் ஊரில் நன்றி சொல்கிற விதமே தனி. எழுதியவன் யார் என்று யாருக்கும் தெரியாது, போட்டுக் கொடுத்தவனைத் தெரியும். பிராக்குக்குப் போக வேண்டிய நன்றி எனக்கு ரம்புத்தானாகவும் டுரியானாகவும் வந்தது. ஒரு தீபாவளிக்கு வந்த முறுக்கு டின்களை வைக்க இடமில்லை. மனைவி இன்றுவரை அதைச் சொல்லிக் காட்டுவாள்: செலவில்லாத சாமானுக்கு எதற்கு இவ்வளவு வாங்கித் தின்கிறீர்கள் என்று.

சரி, கோபத்துக்கு வருகிறேன்.

வேறோர் இலவச ஆண்டிவைரஸ், பெயர் வேண்டாம், சில வருஷம் பல வீடுகளில் ஓடியது. வைரஸைப் பிடிப்பதில் குறை சொல்ல முடியாது. ஆனால் வலது கீழ் மூலை! காசு கட்டு, காசு கட்டு என்று ஒரு பெட்டி எழும்பும். மூடினால் ‘பிறகு நினைவூட்டு’ என்ற பொத்தான் மட்டும்தான் இருக்கும், ‘வேண்டாம்’ என்பது இருக்காது. பள்ளியில் பெற்றோர் கூட்டம் நடக்கும்போது, புரொஜெக்டர் வெளிச்சத்தில், தலைமையாசிரியர் பேசிக்கொண்டிருக்கையில், திரையில் சாதனை புரிந்த மாணவர்களின் முகத்துக்கு மேலேயே அது எழும்பியதை நான் பின்வரிசையில் உட்கார்ந்து பார்த்தேன். அதோடு ஒரு இலவசப் பரிசோதனை வேறு. உங்கள் கணினியில் ஆயிரத்துச் சொச்சம் பிரச்சினைகள் என்று சொல்லும். உள்ளே பார்த்தால் பாதி குக்கீ (இணையதளங்கள் விட்டுவைக்கும் சின்னக் கோப்பு), மீதி தற்காலிகக் கோப்பு. ஒன்றும் தெரியாத பெரியவர் ஒருவர் ராத்திரி பத்து மணிக்குக் கணினியைத் தூக்கிக்கொண்டு வாசலில் வந்து நின்றால் யாருக்குத்தான் கோபம் வராது?

அவர்கள் பக்கத்து நியாயமும் தெரியாமலில்லை. தினமும் புதுசு புதுசாக வைரஸ் வருகிறது, அதை ஆராய ஆள் வேண்டும், ஆளுக்குச் சம்பளம் வேண்டும். இலவசமாகப் பயன்படுத்துகிறவன் சும்மாவும் இல்லை. அவன் கணினியில் சிக்கும் புது வைரஸின் மாதிரி நிறுவனத்துக்குப் போய், காசு கட்டியவனையும் காப்பாற்றுகிறது. அதற்கு மேலும் வருஷத்துக்கு நாலு விளம்பரம் காட்டினால் காட்டட்டும். ஒரு நாளைக்கு நாலு என்றால்தான் இடிக்கிறது.

ஆனால் 2020 ஜனவரியில் வந்த செய்திக்கு எந்த நியாயமும் எடுபடவில்லை. அவாஸ்ட், ஜம்ப்ஷாட் என்ற துணை நிறுவனத்தின் வழியாகப் பயனர்களின் இணைய உலாவல் விவரங்களை விற்றது வெளியே வந்தது. அந்த மாதமே ஜம்ப்ஷாட்டை மூடிவிட்டார்கள், அதையும் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் எஃப்டிசி என்ற வணிக ஆணையம் 2024 இல் ஒரு கோடியே 65 லட்சம் டாலர் கட்டச் சொன்னது. விளம்பரத்துக்காக உலாவல் விவரங்களை விற்பதற்குத் தடையும் போட்டது. வாங்கியவர்கள் நூற்றுக்கு மேல் என்று ஆணையமே சொல்கிறது. பிறர் வேவு பார்க்காமல் தடுப்போம் என்று சொல்லித்தான் அந்த மென்பொருளைக் கொடுத்தார்கள். அந்தச் செய்தியைப் படித்த அன்றைக்கு அந்தப் பாட்டியை நினைத்துக்கொண்டேன். காவல்காரர் என்று சொன்னது நான்தானே.

அப்படியானால் வேறு இலவசத்துக்கு மாறலாமே என்பார்கள். மாறுங்கள், எங்கே போவீர்கள்? ஏவிஜியை அவாஸ்ட் 2016 இலேயே வாங்கிவிட்டது. குடை படம் போட்ட அவிராவை நார்ட்டன் நிறுவனம் வாங்கியது. 2022 இல் அந்த நிறுவனமும் அவாஸ்ட்டும் ஒன்றாகி இப்போது ஜென் டிஜிட்டல் என்ற பெயரில் இருக்கிறார்கள். நாலு பெட்டி, நாலு நிறம், கல்லாப்பெட்டி ஒன்று.

மிஞ்சுவது விண்டோஸோடு வரும் டிஃபெண்டர். 2009 செப்டம்பரில் மைக்ரோசாஃப்ட் செக்யூரிட்டி எசென்ஷியல்ஸ் என்று தனியாக இலவசமாகக் கொடுத்தார்கள். மறு வருஷமே பத்துக் கணினி வரை உள்ள சின்னக் கடைகளும் போட்டுக்கொள்ளலாம் என்றார்கள். 2012 இல் விண்டோஸ் 8 வந்தபோது அது டிஃபெண்டர் என்ற பெயரில் உள்ளேயே வந்துவிட்டது. இதைப் பற்றி எழுத உட்கார்ந்தால் எனக்கு ஒன்றும் வரவில்லை. பேசாது, சங்கு ஊதாது, காசு கேட்காது. அது இருப்பதே பலருக்குத் தெரியாது. இதற்காக யாரும் எனக்கு ஒரு ரம்புத்தான்கூடக் கொடுத்ததில்லை.

டீச்சரின் கேள்விக்கு விடை இதில்தான் இருக்கிறது. வேறோர் ஆண்டிவைரஸ் கணினியில் இருந்தால் டிஃபெண்டர் மரியாதையாக ஒதுங்கிக்கொள்ளும். மடிக்கணினி வாங்கும்போது கடையிலேயே போட்டுக் கொடுத்த சோதனைப் பதிப்பு முடிந்துபோய், வேலையும் செய்யாமல் இடத்தையும் விடாமல் உட்கார்ந்திருக்கிறது. அமைப்புகளில் போய் அதை நீக்கிவிட்டு, கணினியை அணைத்துப் போட்டால் டிஃபெண்டர் தானாக வந்து உட்காரும். கேடயப் படத்தில் பச்சைச் சரிக்குறி தெரிந்தால் முடிந்தது. சந்தேகமாக இருக்கும்போது மட்டும் மால்வேர்பைட்ஸ் என்ற மென்பொருளின் இலவசப் பதிப்பை வைத்து ஒரு தடவை தேடிப் பார்க்கலாம். போட்டவுடன் 14 நாள் முழுப் பதிப்பாக ஓடிவிட்டு இலவசத்துக்கு இறங்கிவிடும், பயப்பட வேண்டாம்.

எந்த ஆண்டிவைரஸைவிடவும் முக்கியம் விண்டோஸ் அப்டேட். வானாக்ரை என்ற வைரஸ் 2017 மே 12 அன்று உலகம் முழுக்கக் கணினிகளைப் பூட்டியதே, அதற்கான ஓட்டையை மைக்ரோசாஃப்ட் மார்ச் மாதமே அடைத்திருந்தது. அப்டேட் போட்டவன் தூங்கினான், போடாதவன் அழுதான். விண்டோஸ் 10 வைத்திருப்பவர்கள் இதைக் காதில் போட்டுக்கொள்ளுங்கள்: 2025 அக்டோபர் 14 உடன் அதன் ஆதரவு முடிந்துவிட்டது. நீட்டிப்புக்குப் பதிந்துகொண்டால் 2026 அக்டோபர் வரை அப்டேட் வரும். மைக்ரோசாஃப்ட் கணக்கோடு அமைப்புகளைச் சேமிக்கச் சம்மதித்தால் காசில்லாமலேயே கிடைக்கும்.

மதிப்பெண் கேட்பீர்கள். அவாஸ்ட்டுக்கு ஐந்துக்கு நாலு. இனி யார் கணினியிலும் போட மாட்டேன். டிஃபெண்டருக்கு மூன்று. என் கையால் போகிற எல்லாக் கணினியிலும் அதுதான் ஓடுகிறது. கணக்கு இடிக்கிறது என்றால் இடிக்கட்டும், பிடித்ததற்குத்தானே மதிப்பெண் போட முடியும். ஸ்மாடாவுக்கு ஐந்தும் கொடுத்திருப்பேன், ஆனால் இப்போது தம்ப்டிரைவைக் கொண்டுவருகிற ஆளே இல்லை. எல்லாம் கைப்பேசிக்குப் போய்விட்டது, திருடனும் கூடவே போய்விட்டான். கல்யாணப் பத்திரிகை என்று வாட்ஸ்அப்பில் ஏபிகே கோப்பு, அதாவது ஆண்ட்ராய்டு செயலியை நிறுவும் கோப்பு, அனுப்புகிறார்கள். நீங்களே அமுக்கி, நீங்களே அனுமதி கொடுத்துவிட்டால் மேலே சொன்ன எதுவும் உதவிக்கு வராது. அமுக்கிப் பணம் போய்விட்டால் என் வாசலுக்கு வந்து நேரத்தை வீணாக்காதீர்கள். உடனே மலேசியாவின் மோசடிப் புகார் எண்ணான 997க்கு அழையுங்கள், கையோடு வங்கிக்கும் அழையுங்கள். கைப்பேசியை அதற்கு அப்புறம் கொண்டுவாருங்கள், பார்க்கலாம்.