கவுண்டிவாரி வாக்காளர் தகுதி அட்டவணை: ஒரு பி.எல்.ஓ.வின் விமர்சனம்

மேலூர் பக்கம் ஆசிரியையாக இருக்கிறேன், கூடவே பி.எல்.ஓ. (வாக்குச்சாவடி நிலை அலுவலர்) பொறுப்பும் உண்டு. வாக்காளர் பட்டியலோடு தெருத்தெருவாக அலைபவள் என்பதால், அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அலுவலகம் ஆண்டுதோறும் இலவசமாகத் தரும் சி.வி.ஏ.பி. (வாக்களிக்கும் வயதுள்ள குடிமக்கள்) அட்டவணை எனக்கு ரொம்பவே பிடித்துப்போனது.

மொத்த மக்கள், 18 வயது நிரம்பியவர்கள், குடிமக்கள், 18 நிரம்பிய குடிமக்கள் என நாலு எண்களும் ஒவ்வொரு கவுண்டிக்கும் (நம் மாவட்டம் மாதிரி) ஒரே வரியில் இருக்கின்றன. ஆள் எத்தனை, ஓட்டுப் போடத் தகுதி எத்தனை பேருக்கு என்ற இடைவெளி உடனே தெரிந்துவிடும். புளோரிடாவின் சம்டர் கவுண்டியில் ஓய்வுபெற்றவர்களே அதிகம், பிள்ளைகள் குறைவு. அதனால் இரண்டு எண்களும் நெருங்கி நிற்கும். யூட்டா கவுண்டியில் சின்னப் பிள்ளைகள் நிறைய, அங்கே எண் சட்டென்று இறங்கும். லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டியில் 2020இல் 1 கோடிப் பேர் இருந்தார்கள். ஆனால் குடியுரிமை பெறாதவர்களும் அங்கே ஏராளம். ஒவ்வொரு ஊரிலும் குறைவதற்குக் காரணம் வேறு. எந்தக் காரணம் என்பதையும் அந்த வரியிலேயே படித்துவிடலாம்.

இன்னொன்று, இவை ஐந்தாண்டு மாதிரிக் கணக்கெடுப்பிலிருந்து வந்த மதிப்பீடுகள். எவ்வளவு பிசகலாம் என்பதையும் பக்கத்திலேயே போட்டுவிடுகிறார்கள். இந்த நேர்மைக்காகவே பாராட்டலாம். 2020இல் வெறும் 64 பேர் இருந்த டெக்சாஸ் லவிங் கவுண்டி மாதிரி இடங்களுக்கு மட்டும் இதை நம்பி முடிவெடுக்காதீர்கள்.

பெரிய குறை சிறைக் கணக்கு. கைதிகளை அந்தச் சிறை இருக்கும் கவுண்டியிலேயே சேர்த்துவிடுகிறார்கள். மெய்ன், வெர்மான்ட், வாஷிங்டன் டி.சி. தவிர மற்ற மாநிலங்களில் பெருங்குற்றத் தண்டனையில் உள்ளே இருப்பவர்களுக்கு ஓட்டு கிடையாது. சிறை உள்ள சின்ன கவுண்டியில் எண் வீங்கித்தான் தெரியும்.

மதுரை மாவட்டத்தின் 10 தொகுதிகளுக்கும் இப்படி ஒன்று வேண்டும் என்று மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது. நம் பட்டியலில் பாகம்வாரியாகப் பெயர் சேர்த்தவர்கள்தான் இருக்கிறார்கள். 18 முடிந்தும், பெயர் சேர்க்கும் படிவம் 6 கொடுக்காத பிள்ளைகள் எத்தனை பேர்? அதில் தெரியாது. 2011 கணக்கெடுப்பை வைத்துத் தேடவும் முடியாது. அப்போது அவர்கள் குழந்தைகள். எந்தத் தெருவுக்கு முதலில் போக வேண்டும் என்று எனக்குச் சொல்ல அப்படி ஓர் அட்டவணை இருந்தால் போதும்.

சரி, இறக்கிப் பார்ப்பவர்களுக்கு: கவுண்டிகளுக்கான ஃபைலை மட்டும் எடுங்கள். இனவாரியாகப் பிரித்திருப்பதால் ஒவ்வொரு கவுண்டிக்கும் 13 வரிகள் வரும். மொத்தத்துக்கான வரியை மட்டும் முதலில் வடிகட்டிக்கொள்ளுங்கள்.