கோத்தகிரி மழையில் ஸ்னோ மோடு: கிராண்ட் விட்டாரா ஆல்கிரிப் எப்படி?

மாருதி கிராண்ட் விட்டாராவின் ஆல்கிரிப் மாடலை, அதாவது நான்கு சக்கரமும் இழுக்கும் ஆல் வீல் டிரைவ் வகையை, வாங்கலாமா என்று யோசிக்கும் மலைக்காரர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் கோத்தகிரியில் கால்நடை மருத்துவராக இருக்கிறேன். மாடு கன்று போட முடியாமல் கிடக்கிறது என்று போன் வந்தால் மழையா, மூடுபனியா, நடுராத்திரியா என்று பார்த்துக்கொண்டிருக்க முடியாது. மெயின் ரோட்டிலிருந்து ஹட்டிக்கு (படுகர் கிராமத்துக்கு) இறங்கும் கான்கிரீட் சரிவு, எஸ்டேட் லைன் வீடுகளுக்குப் போகும் கல் ரோடு, தேயிலைச் செடிகளுக்கு நடுவே ஒரு வண்டி மட்டும் நுழையும் மண் தடம், இவைதான் என் தினப்படி ரோடு. ஊட்டிக்குச் சுற்றிப் பார்க்க வந்து தார் ரோட்டில் திரும்பிப் போகிறவர்களுக்கு இந்த வண்டியின் ஆல் வீல் டிரைவ் தேவையே இல்லை. எங்களுக்குத் தேவை.

வண்டியை எடுத்த நாளன்று ஷோரூமில் விளக்கிச் சொன்ன தம்பி, "மேடம், ஆட்டோ மோடுல விட்டுடுங்க, மத்ததைத் தொடவே வேண்டாம். ஸ்னோ எல்லாம் காஷ்மீர்க்காரங்களுக்கு" என்றார். விற்பனைக்கு நிற்பவர்களிலேயே பலருக்கு இந்த மோடுகள் என்ன செய்கின்றன என்று தெரிவதில்லை. கோத்தகிரிப் பக்கம் கனமழை வடகிழக்குப் பருவத்தில்தான். அக்டோபர் தொடங்கி டிசம்பர் வரை என் வண்டி பெரும்பாலும் அந்த ஸ்னோ மோடில்தான் ஓடுகிறது. பெயரைப் பார்த்து ஒதுக்கிவிட்டால், கொடுத்த காசில் பாதி வீண்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். இப்போது வரும் பல கார்களில் எகோ, நார்மல், ஸ்போர்ட் என்று ஒரு வரிசை மோடு இருக்கிறது. சிலவற்றில் ஸ்னோ, மட், சாண்ட் என்று இன்னொரு வரிசையும் இருக்கிறது. அந்தப் பெயர்களைப் பார்த்து நான்கு சக்கரமும் இழுக்கும் என்று நம்பி வாங்கியவர்களை எனக்கே தெரியும். ஹூண்டாய் கிரெட்டாவின் ஆட்டோமேட்டிக் மாடல்களில் ஸ்னோ, மட், சாண்ட் மூன்றும் கொடுத்திருக்கிறார்கள், ஆனால் அது முன்சக்கரம் மட்டும் இழுக்கும் வண்டி. அங்கே மாறுவது எல்லாம் ஆக்சிலரேட்டர் எவ்வளவு மெதுவாகக் கேட்க வேண்டும், சும்மா சுற்றும் சக்கரத்தை பிரேக் எப்போது பிடிக்க வேண்டும் என்ற கணக்குதான். அதுவும் நல்ல உதவிதான், குறை சொல்லவில்லை. ஆனால் பின்சக்கரத்துக்கு விசையைக் கொண்டுபோகும் தண்டு, அதாவது ஷாஃப்ட்டே போகாத வண்டியில் எந்தப் பொத்தானை அழுத்தினாலும் பின்னாலிருந்து தள்ளாது. சந்தேகம் இருந்தால் குனிந்து அடியில் பாருங்கள். நடுவில் நீளமாக ஒரு ஷாஃப்ட் ஓடி, பின்சக்கரங்களுக்கு இடையே, இரண்டுக்கும் விசையைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியல் உருண்டையாகத் தொங்க வேண்டும்.

கிராண்ட் விட்டாராவிலும் இந்தக் கவனம் வேண்டும். 2022-ல் வந்ததிலிருந்து ஒரே பெயரில் பல வகைகள் விற்கிறார்கள். பெட்ரோல் என்ஜினோடு மின் மோட்டாரும் சேர்ந்து ஓட்டி நிறைய மைலேஜ் தரும் ஸ்ட்ராங் ஹைப்ரிட்டில் ஆல் வீல் டிரைவ் கிடையாது. 1.5 லிட்டர் பெட்ரோல் என்ஜினில், அதுவும் ஆல்கிரிப் என்று குறிப்பிட்டுச் சொல்லும் வகையில் மட்டும்தான் உண்டு. டொயோட்டா ஹைரைடரும் அடிப்படையில் இதே வண்டி, அதிலும் ஆல் வீல் டிரைவ் வகையைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். என்னுடையது 5 ஸ்பீடு மேனுவல். பிறகு ஆட்டோமேட்டிக் வந்தது, மேனுவல் இப்போதும் கிடைக்கிறதா என்று ஷோரூமில் கேட்டுக்கொள்ளுங்கள்.

சரி, மோடுகளுக்கு வருவோம். கியருக்குப் பக்கத்தில் ஒரு திருகு இருக்கிறது. ஆட்டோ, ஸ்போர்ட், ஸ்னோ, லாக் என்று நான்கு. அடியில் நடக்கும் வேலை ஒன்றுதான். பின் டிஃபரன்ஷியலுக்கு முன்னால் மின்சாரத்தால் இறுகித் தளரும் ஒரு கிளட்ச் இருக்கிறது, அதைக் கப்ளிங் என்கிறார்கள். அது தளர்ந்திருந்தால் முன்சக்கரம் மட்டும் இழுக்கும். இறுகினால் பின்சக்கரத்துக்கும் பங்கு போகும். எப்போது இறுக வேண்டும், எவ்வளவு இறுக வேண்டும் என்பதில்தான் ஒரு மோடுக்கும் இன்னொன்றுக்கும் வித்தியாசம். இதை மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கிவிடும்.

ஆட்டோவில் வண்டி பெட்ரோலை மிச்சப்படுத்தப் பார்க்கும். சாதாரணமாக முன்சக்கரத்தில் ஓடும், சக்கரம் வழுக்குகிறது என்று தெரிந்தால் பின்சக்கரத்தைக் கூப்பிடும். கட்டபெட்டு வழியாக ஊட்டிக்குப் போக, கடைவீதிக்குப் போக இது போதும். வெயில் காலத்தில் நான் இதைத் தாண்டிப் போவதே இல்லை.

மழையில் ஆட்டோவின் சிக்கல் என்னவென்றால், அது வழுக்கிய பிறகுதான் வேலை செய்யும். கீழ்க்கோத்தகிரிப் பக்கம் நான் அடிக்கடி போகும் ஒரு கான்கிரீட் சரிவைச் சொல்கிறேன். இருபுறமும் சில்வர் ஓக், வெயில் படாத இடம், மழை தொடங்கிய சில வாரங்களில் ஓரமெல்லாம் பச்சையாகப் பாசி பிடித்துவிடும். அதன்மேல் ஓக் இலை உதிர்ந்து நனைந்து ஒட்டிக்கிடக்கும். பாதி ஏறியதும் ஒரு கொண்டை ஊசி. மேட்டில் ஏறும்போது வண்டியின் எடை பின்னால் சாய்கிறது, அதாவது இழுக்க வேண்டிய முன்சக்கரத்தின் மேல் எடை குறைகிறது. ஸ்டியரிங்கையும் முழுக்கத் திருப்பினால் வளைவின் உள்பக்கத்து முன்சக்கரம் இன்னும் லேசாகிவிடும். ஆட்டோவில் விட்டு ஏறினால் சரியாக அந்த இடத்தில் முன்சக்கரம் கிர்ரென்று அரைச் சுற்றுச் சுற்றும், மூக்கு ஒரு சாண் வெளிப்பக்கம் நகரும், அப்புறம் பின்னாலிருந்து பிடி வந்து வண்டி ஏறும். ஏறிவிடும், அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்த வெளிப்பக்கத்தில் தடுப்புச் சுவர் கிடையாது, கீழே இரண்டு அடுக்கு தேயிலை. அந்த ஒரு சாண் எனக்கு வேண்டாம்.

அதே இடத்தில் ஸ்னோவில் ஏறினால் அந்தக் கிர்ர் சத்தமே வராது. ஸ்னோவில் வழுக்கலுக்குக் காத்திருக்காமல் முதலிலிருந்தே பின்சக்கரத்துக்குப் பங்கு போகிறது. ஆக்சிலரேட்டரையும் ஸ்டியரிங்கையும் பார்த்து அந்தப் பங்கைக் கூட்டிக் குறைக்கிறது. பின்னால் சாய்ந்த எடை எந்தச் சக்கரத்தின் மேல் நிற்கிறதோ அந்தச் சக்கரமே தள்ளுவதால் வண்டி சத்தமில்லாமல் வளைந்து ஏறிவிடுகிறது. நீலகிரியில் பனிப்பொழிவு கிடையாது, ஜனவரியில் தலைகுந்தா புல்வெளியில் உறைபனி பார்க்கலாம், அவ்வளவுதான். ஆனால் வண்டிக்கு வெள்ளைப் பனியா பச்சைப் பாசியா என்று தெரியாது. பிடிமானம் குறைவான தரை, அதுதான் அதற்குத் தெரியும். அதனால் மழை பிடித்ததும், மெயின் ரோட்டை விட்டு இறங்குவதற்கு முன்பே ஸ்னோவுக்குத் திருப்பிவிடுங்கள். வழுக்கிய பிறகு திருகைத் தேடுவதில் பயனில்லை.

ஸ்போர்ட்டைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஆக்சிலரேட்டர் கூர்மையாகும், வளைவுகளில் பின்சக்கரத்தையும் சேர்த்துக்கொள்ளும். மேட்டுப்பாளையத்திலிருந்து குஞ்சப்பனை வழியாக ஏறும்போது, ரோடு காய்ந்திருந்தால் போடுகிறேன். மகனுக்குப் பிடித்த மோடு.

லாக்தான் பலருக்குத் தவறாகப் புரிந்திருக்கிறது. 'ஸ்னோவை விட லாக் பெரியது, அதனால் மழையில் லாக்கே போட்டுவிடலாம்' என்று நினைக்கிறார்கள். லாக் என்பது மாட்டிக்கொண்ட வண்டியை வெளியே எடுப்பதற்கு. பின்சக்கரத்துக்குத் தொடர்ந்து அதிகப் பங்கு போகும். சும்மா சுற்றும் சக்கரத்தை பிரேக் பிடித்து, தரையில் பிடியுள்ள சக்கரத்துக்கு விசையைத் திருப்பும். பிடியுள்ள காய்ந்த தரையில் லாக்கைப் போட்டு இறுக்கித் திருப்பினால் முன்சக்கரமும் பின்சக்கரமும் வெவ்வேறு தூரம் உருள வேண்டியிருக்க, நடுவில் கப்ளிங் விடாமல் பிடிக்கும். வண்டி முரண்டு பிடிப்பது கையிலேயே தெரியும். அது அடியில் இருக்கும் எல்லாவற்றுக்கும் கெடுதல். வேகம் கூடினால் வண்டியே லாக்கிலிருந்து ஸ்னோவுக்கு இறங்கிவிடும், அப்படித்தான் வடிவமைத்திருக்கிறார்கள்.

சோலூர்மட்டம் பக்கத்தில் ஒரு கொட்டகை. வாசலில் சாணமும் சேறும் கலந்து கணுக்கால் வரை இருக்கும். மாட்டைப் பார்த்து முடித்து வண்டியை எடுத்தால் ஒரு பக்கத்து இரண்டு சக்கரமும் சேற்றில் சுற்றுகின்றன. பச்சைத் தேயிலை ஏற்றும் பிக்கப் ஓட்டும் தம்பி ஓடிவந்து, "அக்கா, மிதிக்காதீங்க, மிதிச்சா இன்னும் இறங்கும், கயிறு கொண்டாறேன்" என்றான். அவன் சொன்னதில் முதல் பாதி சரி. லாக்கைப் போட்டு, ஸ்டியரிங்கை நேராக்கி, முதல் கியரில் என்ஜின் அணையாத அளவுக்கு மட்டும் மிதித்தேன். ஒரு நொடி சுற்றியது, பிரேக் டக் டக்கென்று வேலை செய்யும் சத்தம் கேட்டது, பிறகு தரையிலிருந்த பக்கத்துச் சக்கரம் இழுத்து வெளியே வந்துவிட்டது. அந்த ஒரு நொடியில் காலை எடுத்துவிடாமல் இருப்பதுதான் முக்கியம். சுற்றுகிறதே என்று பயந்து விட்டுவிட்டால் பிரேக் வேலை செய்ய நேரம் கிடைக்காது. அதே சமயம் நிமிடக் கணக்கில் சுற்றவிட்டால் கப்ளிங் சூடாகி, டேஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு வரும், பின்சக்கரத்துக்கான விசையை வண்டி நிறுத்திக்கொள்ளும். அப்போது ஓரமாக நிறுத்தி ஆறவிடுவது தவிர வேறு வழியில்லை.

இதுவரை ஏறுவதைப் பற்றிச் சொன்னேன். மலையில் ஆளைக் கொல்வது இறக்கம். இறக்கத்தில் ஆல் வீல் டிரைவ் கிட்டத்தட்ட உதவாது. பிரேக் எல்லா வண்டியிலும் நான்கு சக்கரத்திலும்தான் இருக்கிறது, நிற்கும் தூரத்தைத் தீர்மானிப்பது டயரும் தரையும்தான். ஆல்கிரிப் இருக்கிறது என்ற தைரியத்தில் வேகமாக வந்து, வளைவில் காட்டு மாடு நிற்பதைப் பார்த்தால், எந்த மோடும் காப்பாற்றாது. கோத்தகிரியில் ராத்திரி எந்த வளைவிலும் காட்டு மாடு நிற்கலாம். மலைப்பாதைகளில் இரண்டாவது கியரில் இறங்கச் சொல்லி போர்டு வைத்திருப்பது எல்லா வண்டிக்கும்தான், இதற்கும் சேர்த்துத்தான். ஸ்னோவில் ஒரு சின்ன நன்மை உண்டு. ஆக்சிலரேட்டரை விட்டதும் என்ஜினே வண்டியைப் பிடித்து நிறுத்தப் பார்க்கும் என்ஜின் பிரேக்கிங் முன்சக்கரத்தோடு நிற்காமல் பின்சக்கரத்துக்கும் கொஞ்சம் பகிர்கிறது, ஈரச் சரிவில் மூக்கு நேராக இருக்கிறது.

ஹில் டிசென்ட் கன்ட்ரோல் என்று தனியாக ஒரு பொத்தானும் இருக்கிறது. அதைப் போட்டு முதல் கியரில் காலை எல்லாவற்றிலிருந்தும் எடுத்துவிட்டால், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் வண்டியே பிரேக் பிடித்துப் பிடித்து நடை வேகத்தில் இறங்கும். ஹட்டிக்கு இறங்கும் செங்குத்தான பாதையில் இதை நம்பி இறங்குகிறேன், ஒருமுறையும் கைவிடவில்லை. முதல் தடவை போடும்போது பிரேக் சத்தம் கேட்டுப் பயப்பட வேண்டாம்.

குறைகளையும் சொல்ல வேண்டும். என்ஜின் 103 குதிரைத்திறன், டர்போ கிடையாது. கோத்தகிரி உயரத்தில் காற்று மெலிந்திருப்பதால் டர்போ இல்லாத என்ஜினின் பலத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். ஆள், மருந்துப் பெட்டி எல்லாம் ஏற்றிக்கொண்டு மேட்டில் நின்று கிளம்ப கிளட்சைக் கொஞ்சம் தேய்த்துத்தான் ஆக வேண்டும். மாருதி ஜிம்னியிலும் மஹிந்திரா தாரின் ஃபோர் வீல் வகையிலும் இருப்பதுபோல, மெதுவாக அதிக விசையோடு இழுக்கும் லோ ரேஞ்ச் கியர் இதில் இல்லை. பாறையும் பள்ளமுமாக இருக்கும் எஸ்டேட் ரோட்டில் தினமும் போகிறவர்கள் அவற்றில் ஒன்றை வாங்குவதுதான் நியாயம். ஆனால் அவற்றின் ஃபோர் வீலை ஈரமும் காய்ச்சலும் மாறி மாறி வரும் தார் ரோட்டில் போட்டபடியே ஓட்ட முடியாது, நடுவில் தளரும் கப்ளிங் அவற்றில் இல்லை. என் வேலையில் ரோடு பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மாறுகிறது. அதற்கு விட்டாராவின் ஏற்பாடுதான் பொருந்துகிறது. தரையிலிருந்து 210 மி.மீ. உயரம், அடி தட்டுவது அபூர்வம். மைலேஜ் கம்பெனி சொல்வது லிட்டருக்கு 19 கி.மீ.க்கு மேல், மலையில் எனக்கு 12, 13 தான் வருகிறது. ஏறி இறங்கும் ரோட்டில் அதைக் குறையாகச் சொல்ல மாட்டேன்.

டயரைப் பற்றி ஒரு வார்த்தை. வண்டியோடு வருவது தார் ரோட்டு டயர். சேற்றில் அதன் இடுக்கெல்லாம் அடைத்துக்கொண்டால் எந்த மோடும் முழுசாக வேலை செய்யாது. தேய்ந்தபோது ஒரு டயர் கடையில் "முன்னாடி ரெண்டை மட்டும் மாத்துங்க, பின்னாடி நல்லாத்தான் இருக்கு" என்றார்கள். மற்ற வண்டிக்கு இரண்டை மட்டும் மாற்றினாலும் ஓடும். இதற்கு நான்கும் ஒரே அளவில், ஒரே பிராண்டில், ஒரே மாதிரி தேய்ந்ததாக இருக்க வேண்டும். முன்னுக்கும் பின்னுக்கும் சுற்றளவு மாறினால், சக்கரம் வழுக்குகிறது என்று கணினி தப்பாக நினைத்து கப்ளிங்கைச் சும்மா சும்மா இறுக்கும். நான் டயர்களை இடம் மாற்றிப் போட்டு, நான்கையும் சேர்த்தே மாற்றுகிறேன். செலவு ஒரே சமயத்தில் வரும், முன்கூட்டியே எடுத்து வையுங்கள்.

சர்வீஸுக்கு விடும்போது டிரான்ஸ்ஃபர் கேஸ் (பின்பக்கத்துக்கு விசையைப் பிரித்து அனுப்பும் பெட்டி), பின் டிஃபரன்ஷியல் இரண்டின் ஆயிலையும் பார்க்கச் சொல்லி ஜாப் கார்டில் எழுத வையுங்கள். முன்சக்கர வண்டிகளையே பார்த்துப் பழகிய மெக்கானிக் அதை மறந்துவிட வாய்ப்பிருக்கிறது. வண்டி எங்காவது நின்றுபோனால் முன்பக்கத்தை மட்டும் தூக்கிப் பின்சக்கரம் உருள இழுத்துப் போக விடாதீர்கள், நான்கு சக்கரமும் தரையில் படாமல் மேலே ஏற்றிக்கொண்டு போகும் வண்டியாகக் கேளுங்கள். அப்படிப்பட்ட வண்டி மலை மேலே உடனே கிடைக்காது, பெரும்பாலும் மேட்டுப்பாளையத்திலிருந்து வர வேண்டியிருக்கும். அந்த நம்பரை இப்போதே போனில் சேமித்து வைத்துக்கொள்ளுங்கள்.