ஃபிராட் உள்ள கல்லூரியா, இல்லாததா? மகனுக்காக மூன்றை எடைபோட்ட கதை

ஃபிராட்டெர்னிட்டி, சுருக்கமாக ஃபிராட், அமெரிக்கக் கல்லூரிகளில் ஆண் மாணவர்கள் ஆள் பார்த்துச் சேர்த்துக்கொள்ளும் சங்கம். அந்தப் பெயரைக் கேட்டதும் நமக்கு ராகிங்தான் நினைவுக்கு வரும். தமிழ்நாட்டில் ராகிங் தடைச் சட்டம் வந்த 1997-ல் நான் கல்லூரியில் இருந்தவன்; எனக்கும் அப்படித்தான். ஆனால் ராகிங்கில் சீனியர்கள் நம்மைத் தேடி வந்தார்கள். அமெரிக்காவில் பையனே போய், பணம் கட்டி, "என்னையும் சேர்த்துக்குங்க" என்று வரிசையில் நிற்கிறான். தானாக விரும்பிப் போன இடத்தில் "போதும்" என்று சொல்ல வாய் வராது. சேர வருபவர்களை வதைக்கும் ஹேஸிங்கின் பிடியே அங்கேதான்.

ஹூஸ்டனில் எங்கள் வீட்டுப் பட்டியலில் கடைசியாக மிஞ்சியவை டார்ட்மத், ஆஸ்டினில் உள்ள டெக்சஸ் பல்கலைக்கழகம், ரைஸ். படிப்பில் மூன்றையும் குறை சொல்ல முடியாது. என் மகன் கேட்டது வேறு: "அப்பா, நான் எதுலயும் சேரலைன்னா சனிக்கிழமை ராத்திரி எங்க போவேன்?"

டார்ட்மத்தில் இதற்குப் பதில் சொல்வது கஷ்டம். அது இருக்கும் ஹானோவர் சின்ன ஊர், பனிக்காலம் நீளம். சேரத் தகுதியுள்ளவர்களில் பாதிக்கு மேல் ஏதாவது ஒரு கிரேக்க எழுத்து வீட்டின் (ஃபிராட், அல்லது பெண்களுக்கான சொராரிட்டி) உறுப்பினர்கள். முதலாண்டில் யாரும் சேர முடியாது என்ற விதி நல்ல விதிதான். ஆள்களை எடைபோட ஒரு வருடம் கிடைக்கிறது. ஆனாலும் சேராதவனும் கடைசியில் அந்த வீடுகளின் பேஸ்மென்ட் பார்ட்டிக்குத்தான் போக வேண்டியிருக்கிறது.

ஆஸ்டின் நேர் எதிர். ஐம்பதாயிரம் பேருக்கு மேல் படிக்கும் இடம், ஃபிராட்காரர்கள் சிறுபான்மை. சேராதவன் சேராததை யாரும் கவனிக்கக்கூட மாட்டார்கள். டெக்சஸில் 2019-ல் வந்த சட்டப்படி ஹேஸிங்குக்காகத் தண்டிக்கப்பட்ட அமைப்புகளைக் கல்லூரிகள் இணையத்தில் வெளியிட வேண்டும். அந்தப் பட்டியலை ஒரு ஞாயிறு உட்கார்ந்து படித்தபோதுதான் நான் தப்பான இடத்தில் பயந்துகொண்டிருந்தது புரிந்தது. ஃபுட்பால் ஆட்டங்களில் பீரங்கி வெடிப்பதற்குப் பேர்போன 'டெக்சஸ் கௌபாய்ஸ்' ஒரு மாணவர் அமைப்பு, ஃபிராட்டே அல்ல. அதையும் 2019-ல் ஹேஸிங்குக்காக ஆறு வருடம் இடைநீக்கம் செய்திருக்கிறார்கள்.

"நம்ம பசங்க ஃபிராட்ல சேர்த்துவிடுங்களேன்" என்றார் நண்பர் ஒருவர். தெற்காசிய மாணவர்களின் டெல்டா எப்சிலான் சை 1998-ல் ஆஸ்டினிலேயே தொடங்கியதுதான். வீட்டைவிட்டுத் தள்ளி இருக்கும் பிள்ளைக்கு அந்தத் துணை பெரிது, மறுக்கவில்லை. ஆனால் நிறம் ஒன்று என்பது காப்பு ஆகாது. 2013-ல் நியூயார்க் பாரூக் கல்லூரி மாணவர் உயிரிழந்தது ஓர் ஆசிய அமெரிக்க ஃபிராட்டின் சடங்கில்.

ரைஸில் ஃபிராட்டே கிடையாது. 1957 முதல் உறைவிடக் கல்லூரி முறை, அதாவது மாணவர்களைச் சேர்ந்து தங்கிப் பழகும் குழுக்களாகப் பிரிப்பது. வந்து சேரும் முன்பே உங்களை ஏதாவது ஒன்றில் போட்டுவிடுவார்கள். யாரும் யாரையும் தேர்ந்தெடுப்பதில்லை, அதனால் யாரும் கழிக்கப்படுவதும் இல்லை. என் ஓட்டு இதற்குத்தான். குடி இல்லாத இடம் என்று நினைத்துவிட வேண்டாம். மாதத்தின் 13-ம் தேதி இரவு ஷேவிங் கிரீமை மட்டும் பூசிக்கொண்டு வளாகத்தைச் சுற்றி ஓடும் கூட்டமும் அங்கே உண்டு. என் மனைவிக்கு இதை நான் இன்னும் சொல்லவில்லை.

உங்கள் பட்டியல் வேறாக இருக்கும். கல்லூரிகள் வெளியிடும் 'காமன் டேட்டா செட்' என்ற புள்ளிவிவரத் தொகுப்பில் எஃப்1 பகுதியைத் திறங்கள். எத்தனை சதவீதம் பேர் ஃபிராட்டில் சேர்கிறார்கள் என்று இருக்கும். டிசம்பர் 2024-ல் வந்த கூட்டாட்சிச் சட்டத்தால் ஹேஸிங் அறிக்கையும் இப்போது எல்லா மாநிலத்திலும் கட்டாயம். இவற்றோடு, இரண்டாமாண்டில் எங்கே தங்குவார்கள் என்றும் கேளுங்கள். விடுதியில் இடம் இல்லாமல், வாடகை எகிறும் ஊரில், ஃபிராட் வீடு பையனுக்குச் சுலபமான வழியாகத் தெரியும்.

மகன் ஆஸ்டின்தான் என்று முடிவு செய்துவிட்டான். விடுதி விண்ணப்பத்தை அன்று இரவே நான் போட்டுவிட்டேன்.