பத்திலேயே இருப்பதா, பதினொன்றுக்குப் போவதா, மின்ட்டுக்குத் தாவுவதா?

2025-ல் ஆயுத பூஜை அக்டோபர் 1-ம் தேதி வந்தது. மச்சினன் தன் டிடிபி கடையில் இருக்கும் கம்ப்யூட்டருக்குச் சந்தனம், குங்குமம் வைத்துப் பொரிகடலையும் படைத்தான். அந்தப் பொட்டு உதிர்வதற்குள், அக்டோபர் 14-ம் தேதி, விண்டோஸ் 10-க்கான ஆதரவு முடிந்துபோனது. மறுநாள் போன். "அத்தான், ஸ்கிரீன்ல என்னமோ அறிவிப்பு வருது. கம்ப்யூட்டர் நின்னுருமா?"

நிற்காது. குழப்பமே அங்கேதான் ஆரம்பிக்கிறது. ரேஷன் கார்டு ரத்தானால் கடையில் அரிசி கிடைக்காது, உடனே தெரிந்துவிடும். இங்கே ஆதரவு முடிந்த மறுநாளும் எல்லாம் நேற்றைப் போலவே ஓடுகிறது. அதனால் ஒரு கூட்டம் "ஒன்றும் ஆகாது" என்கிறது, இன்னொரு கூட்டம் "உடனே தூக்கிப் போடு" என்கிறது. எங்கள் குடும்பத்தில் விண்டோஸ் 10 ஓடும் கம்ப்யூட்டர்கள் மூன்று: மச்சினன் கடையில் ஒன்று, அப்பா மேசையில் ஒன்று, 2016-ல் வாங்கிய என் லேப்டாப். மூன்றுக்கும் ஒரே முடிவை எடுக்க முயன்று தோற்றேன். தனித்தனியாக யோசித்த பிறகுதான் விஷயம் பிடிபட்டது.

அப்படியே விட்டுவிடுவது

முதலில் எது நின்றது, எது நிற்கவில்லை என்று பிரித்துக்கொள்வோம். மாதாமாதம் இரண்டாவது செவ்வாய்க்கிழமை இலவசமாக வந்துகொண்டிருந்த பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுவிட்டன. விண்டோஸோடு வரும் வைரஸ் தடுப்பான டிஃபெண்டருக்கான வைரஸ் அடையாளப் பட்டியல் 2028 அக்டோபர் வரை வரும். எட்ஜ் உலாவிக்கும் குறைந்தது அதுவரை புதுப்பிப்பு உண்டு. ஃபயர்ஃபாக்ஸும் விண்டோஸ் 10-ஐக் கைவிடவில்லை. அதாவது வாசல் கதவுக்குக் காவலாள் இருக்கிறார். சுவரில் விரிசல் விட்டால் பூசத்தான் கொத்தனார் வரமாட்டார்.

அந்த விரிசல் எப்படி வெளியே தெரிகிறது என்பதைப் பலர் யோசிப்பதில்லை. ஒரு ஓட்டையை மைக்ரோசாஃப்ட் அடைத்ததும், தாக்குபவர்கள் பழைய கோப்பையும் திருத்திய கோப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எந்த வரி மாறியிருக்கிறது என்று தேடுவார்கள். மாறிய இடம்தான் ஓட்டை. விண்டோஸ் 10-க்கும் 11-க்கும் பொதுவான பகுதிகள் ஏராளம். போதாக்குறைக்கு, நீட்டிப்புத் திட்டத்தில் சேர்ந்தவர்களுக்காக 10-க்கே திருத்தம் தொடர்ந்து வெளியாகிறது. எனவே சேராதவர்களின் ஓட்டைப் பட்டியல் மாதம் தவறாமல் அச்சாகிறது என்றே சொல்லலாம்.

அதே நேரம், பயமுறுத்துவதற்குச் சொல்லப்படும் கதைகளையும் கொஞ்சம் உரசிப் பார்க்க வேண்டும். கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டு, 2017 மே 12-ம் தேதி உலகை ஆட்டிய வானாக்ரை தாக்குதலை எடுத்துக்கொண்டு, "பழைய விண்டோஸ் எக்ஸ்பி வைத்திருந்ததால்தான் இங்கிலாந்து மருத்துவமனைகள் முடங்கின" என்பார்கள். உண்மையில் பாதிக்கப்பட்டவற்றில் மிகப் பெரும்பாலானவை அப்போது ஆதரவில் இருந்த விண்டோஸ் 7 கம்ப்யூட்டர்கள். அந்த ஓட்டைக்கான திருத்தம் இரண்டு மாதம் முன்பு, மார்ச் 14-லேயே வந்துவிட்டது. போட்டுக்கொள்ளத்தான் ஆளில்லை. "அப்டேட் வந்தால் ஸ்லோ ஆகும்" என்று அப்டேட்டையே அணைத்து வைத்திருப்பவருக்கு ஆதரவு இருந்தென்ன, போயென்ன? கடைக்காரர் போட்டுக்கொடுத்த திருட்டு விண்டோஸ் என்றால் கதை இன்னும் மோசம். டிஃபெண்டரை அணைத்துவிட்டு உரிமம் இருப்பதாக ஏமாற்றும் ஒரு ஆக்டிவேட்டரை ஓடவிட்டுத்தான் அதை எழுப்பியிருப்பார்கள். அப்படிப்பட்டவர்கள் 2025 அக்டோபரைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். அவர்கள் ஆபத்து முதல் நாளே வந்துவிட்டது.

விண்டோஸ் 7 அனுபவம் ஒரு கணக்கைக் கற்றுத் தருகிறது. அதன் ஆதரவு 2020 ஜனவரி 14-ல் முடிந்தது. ஆனால் குரோம் அதைக் கைவிட்டது 2023 பிப்ரவரியில், 110-ம் பதிப்பில். வீட்டுப் பயனர்களுக்கு வலித்தது அந்த இரண்டாவது தேதிதான். வெளியுலகத்தை நாம் தொடுவது பெரும்பாலும் உலாவி வழியாகத்தான். அது காலாவதியான பிறகு பழைய விண்டோஸில் இணையத்துக்குப் போவது, ஹெல்மெட்டும் பிரேக்கும் இல்லாமல் நான்குவழிச் சாலையில் ஏறுவது மாதிரி.

பணம் புழங்கும் இடத்தில் இந்தக் கணக்கெல்லாம் செல்லாது. ஏடிஎம்களில் எக்ஸ்பி ஓடுவதைப் பார்த்து ரிசர்வ் வங்கி 2018 ஜூனில் ஒரு சுற்றறிக்கை விட்டது: ஆதரவு முடிந்த இயங்குதளங்களைப் படிப்படியாக மாற்றி 2019 ஜூனுக்குள் முடிக்க வேண்டும் என்று. எக்ஸ்பியின் ஆதரவு 2014 ஏப்ரலிலேயே முடிந்திருந்தது. நான்கு ஆண்டுகள் பொறுத்துக் கேட்டார்கள், ஆனால் கேட்டார்கள்.

ஓராண்டுத் தவணை

இஎஸ்யூ எனப்படும் நீட்டிப்புத் திட்டம் வீட்டுப் பயனர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை என்று அறிவிக்கப்பட்டது. சேர மூன்று வழிகள்: கம்ப்யூட்டர் அமைப்புகளை மைக்ரோசாஃப்ட் கணக்கோடு ஒத்திசைத்தால் இலவசம், ரிவார்ட்ஸ் புள்ளிகள் 1,000 இருந்தால் அதைக் கொடுக்கலாம், இல்லையென்றால் 30 டாலர். ஒரு கணக்கில் 10 கம்ப்யூட்டர் வரை சேர்க்கலாம் என்பது கூட்டுக் குடும்பத்துக்கு நல்ல செய்தி. விண்டோஸ் அப்டேட் பக்கத்திலேயே இணைப்பு இருக்கும். விண்டோஸ் 10-ன் கடைசிப் பதிப்பான 22எச்2 இருக்க வேண்டும். தாமதமாகச் சேர்ந்தாலும் விட்டுப்போன திருத்தங்கள் சேர்ந்து வந்துவிடும்.

எனக்கு இதில் உறுத்துவது பணமல்ல. 30 டாலர் கட்டுகிறேன் என்றாலும் மைக்ரோசாஃப்ட் கணக்கில் உள்நுழைந்தே தீர வேண்டும். ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதியில் இருப்பவர்களுக்கு ஒத்திசைவு நிபந்தனை இல்லாமலே இலவசமாகக் கொடுத்தார்கள். அங்கே நுகர்வோர் அமைப்புகள் குரல் கொடுத்தன. நமக்கு அந்தச் சலுகை இல்லை. நிறுவனங்களுக்கு விலை வேறு: முதல் ஆண்டு கம்ப்யூட்டர் ஒன்றுக்கு 61 டாலர், அப்புறம் ஆண்டுக்காண்டு இரட்டிப்பு, அதிகபட்சம் மூன்று ஆண்டுகள். இந்த விலை ஏற்றமே "சீக்கிரம் கிளம்பு" என்று சொல்லும் விதம்தான்.

உறுத்தலை ஓரம் வைத்துவிட்டுப் பார்த்தால், மலிவான வழி இதுதான். ஆனால் இது வாய்தா, தீர்ப்பு இல்லை. வாய்தா வாங்கிவிட்டு வழக்கையே மறந்துபோகிற பழக்கம் நமக்கு உண்டு.

பதினொன்று: முன்வாசல் வழியும் பின்வாசல் வழியும்

விண்டோஸ் 11-க்குத் தேவை டிபிஎம் 2.0 (ரகசியச் சாவிகளைக் காக்கும் பாதுகாப்புப் பகுதி), செக்யூர் பூட் (தொடங்கும்போதே மென்பொருள் நம்பகமானதா என்று சோதிப்பது), 4 ஜிபி ராம், 64 ஜிபி இடம், இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறைச் சிப். கடைசி நிபந்தனைதான் பலரைத் தடுக்கிறது. ஐ5-7200யூ என்றால் வெளியே, ஐ5-8250யூ என்றால் உள்ளே. லேப்டாப் வெளியிலிருந்து பார்க்க இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

ஆனால் "உங்கள் கம்ப்யூட்டர் தகுதி இல்லை" என்று வந்தவுடன் நம்பிவிட வேண்டாம். டிபிஎம் உள்ளே இருந்தும், விண்டோஸுக்கு முன்பே ஓடும் அடிப்படை அமைப்பான பயாஸில் அணைந்து கிடப்பது சகஜம். இன்டெலில் பிடிடி என்றும் ஏஎம்டியில் எஃப்டிபிஎம் என்றும் பெயர் இருக்கும். அதை இயக்கிவிட்டு மறுபடி சோதித்தால் சில கம்ப்யூட்டர்கள் பாஸாகிவிடும். டிஸ்க்கைப் பூட்டும் பிட்லாக்கர் போட்டிருந்தால் மட்டும் மீட்புச் சாவியை முதலில் எழுதி வைத்துக்கொண்டு பயாஸில் கை வையுங்கள்.

பின்வாசல் வழி ரூஃபஸ் என்ற சின்ன மென்பொருள். நிபந்தனைச் சோதனைகளை நீக்கிவிட்டு நிறுவுவதற்கான பென்டிரைவை அது தயாரித்துத் தரும். என் லேப்டாப் ஆறாம் தலைமுறை ஐ5, 8 ஜிபி ராம். அதில் இப்படித்தான் 11-ஐப் போட்டுப் பார்த்தேன். நன்றாகவே ஓடியது, மாதாந்திரத் திருத்தங்களும் வந்தன. ஆனால் தகுதியில்லாத கம்ப்யூட்டருக்கு அப்டேட் தரும் கடமை தனக்கு இல்லை என்று மைக்ரோசாஃப்ட் எழுதியே வைத்திருக்கிறது. ஆண்டுதோறும் வரும் பெரிய பதிப்புகள் தானாக ஏறாது, நாமே ஏற்ற வேண்டும். 11-ன் ஒவ்வொரு பதிப்புக்கும் ஹோம் பயனர்களுக்கு 24 மாதம்தான் ஆயுள். 23எச்2-ன் ஆயுள் 2025 நவம்பரிலேயே தீர்ந்தது. ஆக, 10-லிருந்து தப்பி 11-க்கு வந்து, அங்கேயும் ஆதரவு முடிந்த பதிப்பில் தெரியாமல் உட்கார்ந்திருக்கும் வாய்ப்பு உண்டு. மிகப் பழைய, கோர் 2 காலத்துக் கம்ப்யூட்டர்களில் 24எச்2 பதிப்பு தொடங்கவே தொடங்காது. அந்தச் சிப்களில் இல்லாத ஒரு கட்டளை அதற்குத் தேவை.

கம்ப்யூட்டரைக் கழற்றி மாட்டத் தெரிந்தவர் தன் சொந்த உபயோகத்துக்கு இதைச் செய்யலாம். வேறு ஊரில் இருக்கும் அப்பா அம்மாவுக்குச் செய்து வைத்தால், ஒவ்வொரு பதிப்புக்கும் பஸ் ஏற வேண்டியிருக்கும்.

மின்ட்

மின்ட் என்பது விண்டோஸுக்குப் பதிலாகப் போட்டுக்கொள்ளும் இலவச இயங்குதளம், லினக்ஸ் வகை. லினக்ஸ் மின்ட் 22 வரிசைக்கு 2029 ஏப்ரல் வரை ஆதரவு. 4 ஜிபி ராம் இருந்தால் போதும். ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு ஒரு எஸ்எஸ்டி போட்டால் பத்து வருடக் கம்ப்யூட்டர் எழுந்து ஓடும். நிறுவாமலே பென்டிரைவிலிருந்து இயக்கிப் பார்க்கலாம் என்பதுதான் இதன் பெரிய அனுகூலம். வைஃபை, ஒலி, பிரிண்டர் மூன்றும் வேலை செய்கிறதா என்று அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும். பழைய லேசர் பிரிண்டர்கள் சில முரண்டு பிடிக்கும். தமிழ்99, ஒலிபெயர்ப்பு இரண்டு விசைப்பலகையும் ஐபஸ் என்ற தட்டச்சுக் கருவி வழியாகக் கிடைக்கின்றன. யூனிகோடில் எழுதுபவருக்கு ஒரு குறையும் இல்லை.

லினக்ஸ் நமக்கு அந்நியமும் அல்ல. கேரள அரசுப் பள்ளிகளில் பிள்ளைகள் கட்டற்ற மென்பொருளில்தான் பல ஆண்டுகளாகப் படிக்கிறார்கள். "லினக்ஸ் கஷ்டம்" என்று சொல்பவர்கள் பெரும்பாலும் பழைய ஞாபகத்தில் சொல்கிறார்கள்.

ஆனால் மின்ட் தோற்கும் இடங்கள் உண்மையிலேயே உண்டு. அதன் ரசிகர்கள் அதை மழுப்புவதுதான் எனக்குப் பிடிக்காது. கணக்கு மென்பொருளான டேலி விண்டோஸுக்காக எழுதப்பட்டது. டிஜிட்டல் கையெழுத்து டோக்கனை லினக்ஸில் ஓட வைப்பதற்குள் ஜிஎஸ்டி கடைசித் தேதி போய்விடும். கணக்கு எழுதுபவர்களும் வரித் தாக்கல் செய்பவர்களும் இந்தப் பக்கம் வர வேண்டாம். அவர்கள் பழைய 10-லும் இருக்கக் கூடாது. எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய சிப் உள்ள பழைய கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கி, முன்வாசல் வழியாக 11-க்குப் போவதுதான் அவர்களுக்கு முறை. ராம் விலை ஏறிக் கிடக்கும் நேரத்தில் புதிதாகவே வாங்க வேண்டும் என்பதில்லை. சென்னை ரிச்சி தெரு மாதிரி இடங்களில், அலுவலகங்களிலிருந்து கழிக்கப்பட்ட நல்ல லேப்டாப்கள் கிடைக்கும். சிப் எண்ணை மட்டும் சரிபாருங்கள்.

மச்சினன் கடைதான் நான்கு வழிகளுக்கும் சவால். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி எல்லாம் பேஜ்மேக்கர் 7-ல் செய்தவை. 2001-ல் வந்த மென்பொருள். எழுத்துருக்கள் யூனிகோடுக்கு முந்தியவை. அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால் மணமகன் பெயர் ஆங்கில எழுத்துகளின் குப்பையாகத் தெரியும். தட்டச்சு மென்பொருளுக்கு, சொருகினால்தான் அது ஓடும் யுஎஸ்பி டாங்கிள் வேறு. விண்டோஸ் மென்பொருளை லினக்ஸில் ஓட்டும் வைன் மூலம் மின்ட்டில் முயன்றேன், டாங்கிளைக் கண்டுகொள்ளவே இல்லை. பதினைந்து வருடத்துக் கோப்புகள். இவற்றை யூனிகோடுக்கு மாற்று என்று சொல்வது சுலபம். அவன் அதற்குக் கடையை ஒரு மாதம் மூட வேண்டும்.

கடைசியில் பிரித்தது இப்படி. என் லேப்டாப்புக்கு இஎஸ்யூ போட்டேன். ரூஃபஸ் வழியில் ஏற்றிய 11-ஐ நானே எடுத்துவிட்டேன், பதிப்பு எண்ணைக் கண்காணித்துக்கொண்டிருக்கப் பொறுமையில்லை. தவணை முடிவதற்குள் அதுவும் மின்ட்டுக்குப் போகும். அப்பாவுக்குப் பொங்கல் விடுமுறையில் மின்ட் போட்டுக் கொடுத்தேன். செய்தித்தாள், யூடியூப், ரயில் டிக்கெட் அச்சிடுவது, அவ்வளவுதான் அவர் வேலை. "சீட்டு விளையாட்டு எங்கப்பா?" என்று மட்டும் கேட்டார், சாலிடேர் ஒன்றைப் போட்டுக் கொடுத்தேன்.

கடைக் கம்ப்யூட்டரை விண்டோஸ் 10-லேயே விட்டோம். டிஸ்க் முழுவதையும் ஒரு எக்ஸ்டெர்னல் டிரைவில் பிரதி எடுத்து வைத்துவிட்டு, நெட்டைத் துண்டித்தோம். மின்னஞ்சலுக்கும் வாட்ஸ்அப்புக்கும் பக்கத்தில் மின்ட் போட்ட இன்னொரு பழைய கம்ப்யூட்டர். மச்சினன் ஆர்வக்கோளாறில் லேன் துளையை எம்-சீல் வைத்தே அடைத்துவிட்டான். எக்ஸ்பி காலத்தில் ஊரையே படுத்திய ஷார்ட்கட் வைரஸ் எந்த வழியாக வந்தது என்று அவனுக்கு நினைவிருக்கும் என்று நினைத்தேன். மறுவாரம் போன்.

"அத்தான், கஸ்டமர் பென்டிரைவ்ல போட்டோ கொண்டாந்திருக்காரு. இதுல சொருகலாம்ல?"

பக்கத்துக் கம்ப்யூட்டரில் சொருகச் சொன்னேன்.