பரிசுத்த வேதாகமமா, திருவிவிலியமா? எங்கள் ஆலயத்துக்கு வாங்கியது எது

எங்கள் ஆலயத்தில் வாசிப்பு மேசை மேலிருந்த பெரிய வேதாகமம் சங்கீதம் என்ற துதிப்பாடல் பகுதியின் பக்கங்களில் தையல் விட்டுப்போனது. புதிது வாங்க வேண்டும். ஆலய நிர்வாகத்தைப் பார்க்கும் சேகரக் கமிட்டியில் நானும் இருந்ததால், பரிசுத்த வேதாகமம் என்ற பழைய மொழிபெயர்ப்பா, கத்தோலிக்கருக்கும் மற்றச் சபையாருக்கும் பொதுவாக 1995-இல் வந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியமா என்ற வழக்கு எங்கள் முன் வந்தது. நான் பழையதற்குத்தான் கை தூக்கினேன்.

பழையது என்றால், ஹென்றி பவர் என்ற மிஷனரி முன்னின்று செய்து 1871-இல் முழுமையாக வந்தது. அதில் தேவன், கர்த்தர், ஆதியாகமம், சங்கீதம். திருவிவிலியத்தில் கடவுள், ஆண்டவர், தொடக்க நூல், திருப்பாடல்கள். வடமொழி குறைவு, தமிழ் தெளிவு. இது யாருக்கும் தெரிந்ததே.

புதியதன் பலத்தை மறைக்க மாட்டேன். யோவான் 3:16-ஐப் பழையதில் 'தேவன்' என்று தொடங்கினால், 'அன்புகூர்ந்தார்' வருவதற்குள் வாசிக்கிறவருக்கு மூச்சு வாங்கும். புதியதில் 'கடவுள் உலகின் மேல் அன்புகூர்ந்தார்' என்று எழுவாய் வினையின் பக்கத்திலேயே நிற்கிறது. தேவதூதனுக்குப் பதில் சொல்லும் இயேசுவின் தாய் மரியாள் பழையதில் 'என்றாள்', புதியதில் 'என்றார்'. என் மகள் புதியதின் கட்சி சேர இந்த ஒரு எழுத்தே போதுமானதாக இருந்தது.

ஆனால் எங்கள் ஆராதனையில் சங்கீதத்தை மாறி மாறி வாசிப்போம்: ஐயர் (எங்கள் போதகர்) ஒரு வசனம், சபையார் அடுத்தது. காரியம் முழுவதும் இங்கேதான் தீர்ந்தது. ஒரு ஞாயிறு புதியதை வைத்துப் பார்த்தோம். 23-ஆம் சங்கீதம். ஐயர் 'ஆண்டவரே என் ஆயர்' என்று தொடங்கினார். முன்வரிசைப் பாட்டிமார் புத்தகத்தைத் திறக்கவே இல்லை. தங்கள் முறை வருமுன்னே 'கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார். நான் தாழ்ச்சியடையேன்' என்று அவர் குரலுக்கு மேலேயே போய்க்கொண்டிருந்தார்கள். இரண்டாம் வசனம் சபையின் முறை. பாதிப் பேர் 'புல்லுள்ள இடங்களில் மேய்த்து' என்கிறார்கள். பின்வரிசை வாலிபர்கள் 'பசும்புல் வெளிமீது' என்கிறார்கள். ஆறாம் வசனத்துக்கு வருவதற்குள் ஐயரே சிரித்துவிட்டார்.

பாட்டிமாரின் பிடிவாதம் என்று இதைத் தள்ளிவிட முடியாது. ஓய்வுநாள் பாடசாலையில் பரிசு வாங்கித் தந்த மனப்பாட வசனம், புத்தாண்டு வாக்குத்தத்த அட்டை, தாத்தாவின் கல்லறையில் வெட்டிய வரி எல்லாம் அந்த ஒரே பிரதியிலிருந்து வந்தவை. பிரசங்கத்தில் பாதி வசனத்தோடு ஐயர் நிறுத்தினால் மீதியைச் சபை சொல்லும். மேசையில் ஒரு புத்தகத்தை மாற்றினால் வீட்டுக்கு வீடு கைப்பிரதியை மாற்ற வேண்டும். அதையாவது வாங்கிவிடலாம், மனப்பாடத்தை எந்தக் கடையில் வாங்குவது?

இதைச் சொல்லும்போது ஒரு கூச்சமும் உண்டு. இந்தத் 'தேவன்' கூட ஒரு காலத்தில் புதுவரவுதான். அதற்கு முன் ஜெர்மன் மிஷனரி பெப்ரிசியஸின் மொழிபெயர்ப்பில் 'பராபரன்'. அதற்கும் முன் தரங்கம்பாடியில் மொழிபெயர்த்த மிஷனரி சீகன்பால்குவுக்கு 'சர்வேசுரன்'. லுத்தரன் சபையார் பவரின் பிரதி வந்த பிறகும் நெடுநாள் பெப்ரிசியஸை விடவில்லை. அன்று அவர்கள் சொன்ன காரணமும் என்னுடையதாகத்தான் இருந்திருக்கும்.

திருவிவிலியத்தோடு வளர்ந்த கத்தோலிக்கக் குடும்பங்களில் 'பசும்புல் வெளிமீது' என்பதே நாவில் ஊறியிருக்கலாம். அவர்களுடைய ஆராதனையான திருப்பலியில் நாலைந்து முறை உட்கார்ந்த அனுபவத்தை வைத்து நான் அதற்குமேல் பேசக்கூடாது. அங்கே என் வாதம் அப்படியே திருப்பிப் போடப்படும்.

மேசைக்குப் பெரிய எழுத்துப் பழைய பிரதி வாங்கினோம். கூடவே புதியதில் பத்துப் பிரதி, புதன்கிழமை வேதபாடத்துக்கு. பவுல் சபைகளுக்கு எழுதிய கடிதங்களான நிருபங்களுக்கு அது நன்றாக ஒத்துப்போகிறது. ரோமர் முடிந்து கொரிந்தியருக்கு வந்திருக்கிறோம்.